கட்டிலுக்கு அடியில் 31 துணிப்பை, கையில் மூன்று கவர்: சந்தைக்கு எந்தப் பையை எடுத்துப் போவது?

போன பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய ஜவுளிக்கடைப் பை வந்தது. பிரித்தால் உள்ளே முழுக்கப் பைகள், பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை. உட்கார்ந்து எண்ணினேன், துணிப்பை மட்டும் 31. முக்கால்வாசி கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள். மஞ்சள் துணியில் பெண், மாப்பிள்ளை பெயர், தேதி, மண்டபம் எல்லாம் அச்சடித்தவை. அதில் ஒரு ஜோடியின் பையன் இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறான், அவர்கள் கொடுத்த பை இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அன்றைக்குச் சாயங்காலமே நாகர்கோவில் வடசேரி கனகமூலம் சந்தைப் பக்கம் வண்டியை நிறுத்தி, கையில் ஒரு பையும் இல்லாமல், சாளை மீன் ஒரு கவரிலும் தக்காளி ஒரு கவரிலும் மரச்சீனிக் கிழங்கு ஒரு கவரிலுமாக ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

பிளாஸ்டிக் கவருக்குத்தான் தடை இருக்கிறதே, அது எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். தடையும் இருக்கிறது, கவரும் இருக்கிறது. பலகைக்கு அடியில் கிடக்கும், என்னைப் போல வெறுங்கையோடு வருகிற ஆளைப் பார்த்ததும் வெளியே வரும். கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, மீனை என் உள்ளங்கையிலா தருவார்?

அன்றிலிருந்து ஒரு வருஷமாக வீட்டில் இதை ஒரு வேலையாகவே வைத்துச் செய்து பார்த்தோம். எந்தப் பையை வைத்துக்கொள்வது, எதை வாங்கவே கூடாது, மீனுக்கு என்ன வழி, மறக்காமல் எப்படி எடுத்துப் போவது என்று தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். சிலது உங்களுக்கும் உதவும்.

முதலில் கணக்கு, கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும்

துணிப்பை என்றால் நல்லது, பிளாஸ்டிக் என்றால் கெட்டது என்று பள்ளிக்கூடத்திலிருந்தே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது பாதிதான் சரி. 2018-இல் டென்மார்க் நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு ஆய்வு வெளியிட்டது. அங்கே கடையில் கிடைக்கிற பிளாஸ்டிக் பையில் ஒரு தடவை சாமான் வாங்கி, அப்புறம் அதையே குப்பைத் தொட்டிக்குள் விரித்துப் பயன்படுத்துவதாக வைத்துக்கொண்டு, அதன் அளவுக்குப் பாதிப்பு குறைய மற்றப் பைகளை எத்தனை தடவை எடுத்துப் போக வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். புவி சூடாவதை மட்டும் பார்த்தால் பருத்திப் பையை 52 தடவை எடுத்துப் போக வேண்டும். தண்ணீர், மண், ஓசோன் படலம் என்று எல்லா வகைப் பாதிப்பையும் பார்த்து, எதில் மோசமாக வருகிறதோ அந்த எண்ணை எடுத்தால் 7,100 தடவை. ரசாயன உரம் போடாத இயற்கைப் பருத்தி என்றால் 20,000. இயற்கை என்றால் குறையத்தானே வேண்டும் என்று தோன்றும், ஆனால் அதே நிலத்தில் மகசூல் குறைவு என்பதால் ஒவ்வொரு கிலோவுக்கும் நிலமும் தண்ணீரும் கூடுகிறது.

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் போட்ட கணக்கிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒரு தடவை பயன்படுத்தி எறிகிற மெல்லிய கவரோடு ஒப்பிட்டால், காகிதப் பையை 3 தடவை, நான்வோவன் என்கிற, துணி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் பையை 11 தடவை, பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்தினால்தான் புவி சூடாவதில் அந்தக் கவருக்குச் சமமாக வருகிறது.

காரணம் பருத்திதான். ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலக சராசரியில் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் போகிறது, நம் நாட்டுப் பருத்திக்கு அதைவிடக் கூடுதல். வீட்டில் சமையல் தராசில் ஒரு மஞ்சப்பையை வைத்துப் பார்த்தேன், 45 கிராம் காட்டியது. அப்படியென்றால் ஒரு பைக்கு 450 லிட்டர், மொட்டைமாடியில் இருக்கிற 500 லிட்டர் தொட்டி கிட்டத்தட்ட நிறைந்த மாதிரி. கட்டிலுக்கு அடியில் அப்படி 31 தொட்டி.

சரி, என் 31 பைக்கும் டென்மார்க் கணக்கில் சின்ன எண்ணையே எடுத்துக்கொள்வோம். 31 பெருக்கல் 52, மொத்தம் 1,612 தடவை. வாரத்துக்கு இரண்டு தடவை சந்தைக்குப் போகிற வீட்டுக்கு அது பதினைந்தரை வருஷ வேலை. பெரிய எண்ணை எடுத்தால் ஒரே ஒரு பைக்கே 68 வருஷம், அதை என் பேரப்பிள்ளைகளுக்கு எழுதி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அப்போ கவரே மேல் என்று யாராவது வாட்ஸ்அப்பில் இந்த எண்களை மட்டும் அனுப்பினால் நம்ப வேண்டாம். அந்த ஆய்வுகளில் இரண்டு விஷயம் நமக்குப் பொருந்தாது. ஒன்று, இங்கிலாந்துக் கணக்கில் எடுத்துக்கொண்ட பருத்திப் பை 180 கிராமுக்கு மேல், நம் மஞ்சப்பை அதில் கால் பங்கு. இரண்டாவதுதான் பெரியது. டென்மார்க்கில் வீட்டுக் குப்பை ஒழுங்காகச் சேகரிக்கப்பட்டு உலைக்குப் போய், அந்தச் சூட்டில் மின்சாரமும் வெந்நீரும் எடுக்கிறார்கள். தெருவில் பறக்கிற கவர் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

நம் ஊரில் கவர் எங்கே போகிறது? நாகர்கோவில் ஓடைகளில் விழுந்தது மழையில் பழையாற்றுக்குப் போகும், பழையாறு மணக்குடியில் கடலில் சேரும். வழியில் பாதி, மதகிலும் மடையிலும் சிக்கிக்கொள்ளும். சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று அங்கீகாரம். அந்தக் குளத்து ஓரத்திலேயே தாமரை இலைக்கு நடுவே கவர் மிதப்பதை யாரும் பார்க்கலாம். பாலித்தீன் தண்ணீரைவிட லேசானது, அதனால் மூழ்காது. கடலில் மிதக்கிற கவரை, சொறி என்கிற ஜெல்லி மீன் என்று நினைத்து ஆமை விழுங்கும். கரையில் மாடு, மிச்சச் சோற்றின் வாசனைக்கு அதைக் கவரோடு சேர்த்துத் தின்னும், அது செரிக்காமல் இரைப்பையில் உருண்டையாகச் சேரும். வெயிலில் கிடந்தால் பொடிந்து தூளாகுமே தவிர மக்காது.

ஆக இரண்டு செலவு இருக்கிறது. பையைச் செய்ய ஆகிற செலவு ஒன்று, கையை விட்டுப் போன பிறகு அது செய்கிற சேதம் இன்னொன்று. கவர் முதலாவதில் சிக்கனம், இரண்டாவதில் படுமோசம். துணி அப்படியே நேர் எதிர். முதல் செலவு ஏற்கெனவே முடிந்துபோன பை, இரண்டாவது சேதத்தைச் செய்யாத பை, இப்படி ஒன்று கிடைத்தால் அதுதான் லாபம். அந்தப் பை உங்கள் கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் இருக்கிறது. அதனால் முதல் வேலை, புதிதாக எதையும் வாங்காதீர்கள். சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று அச்சடித்து 300 ரூபாய்க்கு விற்கிற கான்வாஸ் பையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பையைத் தரம் பிரிப்பது

வீட்டில் இருக்கிற எல்லாப் பையையும் தரையில் கொட்டுங்கள். ஒரு மணி நேர வேலைதான்.

முதலில் துணி மாதிரி இருந்து துணி இல்லாத பைகளைப் பிரிக்க வேண்டும். ஜவுளிக்கடையிலும் பேக்கரியிலும் தருகிற, புள்ளி புள்ளியாக அழுத்தம் வைத்த, தொட்டால் மொடமொடக்கிற பைகள். நிறையப் பேர் இதைத் துணிப்பை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதன் பெயர் நான்வோவன், பாலிப்ரொப்பிலீன் இழையைச் சூட்டில் அழுத்தி ஒட்டியது, அசல் பிளாஸ்டிக். சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை இழுத்துப் பாருங்கள், துணி என்றால் நூல் பிரிந்து வரும், இதில் நூலே இருக்காது, பஞ்சு மாதிரி பிய்யும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பருத்தி உறிஞ்சும், இதன்மேல் முத்தாக நிற்கும். இன்னும் சந்தேகம் என்றால் ஒரு துணுக்கை வெட்டி இடுக்கியில் பிடித்து, முற்றத்தில் வைத்து நெருப்பு காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், இது சுருங்கி உருகி, ஆறினால் கெட்டி மணியாக நிற்கும். இரண்டும் கலந்த மாதிரி எரிந்தால் அது பாலியஸ்டர் கலந்த துணி.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 வகைப் பொருட்களில் தடிமன் பார்க்காமல் பிளாஸ்டிக் கேரி பேக் எல்லாமும் வரும், இந்த நான்வோவன் பையும் வரும். மத்திய அரசு விதியில் மைக்ரான் கணக்கு உண்டு, 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரானுக்குக் குறைவாக இருக்கக்கூடாது, 2022 டிசம்பர் 31 முதல் அது 120. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தடிமனைக் கூட்டியதற்குக் காரணம், மெல்லிய கவரை ஆக்கர் கடையில், அதாவது பழைய சாமான் கடையில், யாரும் சீந்துவதில்லை. ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கு மேல் கவர் பொறுக்க வேண்டும், அதுவும் மீன் தண்ணீர் ஒட்டினதை. தடியாக இருந்தால் பொறுக்க ஆள் உண்டு. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மாநிலத் தடைக்குப் பல வருஷம் முன்பே, 2010 வாக்கில், மாவட்ட நிர்வாகம் கவரை ஒழிக்க இறங்கி, சேர்ந்த பிளாஸ்டிக்கைத் தாரோடு கலந்து ரோடு போட்டதெல்லாம் பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இருக்கிற நான்வோவன் பையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் கிழியும் வரை பயன்படுத்துங்கள். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், வெயிலில் போடாதீர்கள். மொட்டைமாடிக் கொடியில் இரண்டு மாசம் கிடந்த ஒரு பையைத் தொட்டேன், கையில் மாவு மாதிரி ஒட்டியது. அந்த மாவு அத்தனையும் பிளாஸ்டிக் தூள்.

காகிதப் பை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேலே சொன்ன இங்கிலாந்துக் கணக்கில் கவர் 8 கிராம், காகிதப் பை 55 கிராம். மரம், தண்ணீர், லாரி டீசல் எல்லாம் அந்த எடைக்குத் தகுந்தபடி கூடும். கூடவே நம் ஊருக்கு இரண்டு மழை, ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. தக்காளியோடு காகிதப் பையை எடுத்துக்கொண்டு மீனாட்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு மழையில் நின்று பாருங்கள், தெரியும். மருந்துக்கடை, பேக்கரிக்குச் சரி. பழைய நியூஸ் பேப்பரில் செய்த பை மளிகைக்குப் பரவாயில்லை, வடையும் பஜ்ஜியும் நேரடியாக அதில் வாங்காதீர்கள், அச்சு மை எண்ணெயில் இறங்கும். உணவைச் செய்தித்தாளில் பொதிவதற்குச் சட்டப்படியே தடை இருக்கிறது.

அப்புறம் மக்கும் பை என்று ஒன்று வருகிறது, வெளிர் பச்சையில், தொட்டால் கொஞ்சம் பிசுபிசுப்பாக. அசல் என்றால் ஐஎஸ்ஓ 17088 என்ற தர எண்ணும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று எண்ணும் அச்சடித்திருக்கும். அசலாகவே இருந்தாலும் அது மக்குவதற்கு 60 டிகிரியை ஒட்டிய சூடு உள்ள உரக்கிடங்கு வேண்டும். வாழைமூட்டில் புதைத்தால் அந்தச் சூடு வராது, ஓடையில் போட்டால் மற்றக் கவர் மாதிரியேதான் அடைக்கும். அதிலும் மோசம், பழைய பிளாஸ்டிக்கோடு கலந்துவிட்டால் மறுசுழற்சியையும் கெடுக்கும். இதை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

கட்டைப்பை, அதாவது அரிசிச் சாக்கு மாதிரி நெய்து மேலே படம் ஒட்டினது, இதுவும் பிளாஸ்டிக்தான். ஆனால் 10 கிலோ தாங்கும், தேங்காய்க்கும் கிழங்குக்கும் நல்லது. வீட்டில் நாலைந்து கண்டிப்பாக இருக்கும், புதிதாக ஒன்று வேண்டாம். வயர்கூடையையும் பிளாஸ்டிக் என்று ஒதுக்க வேண்டாம். எங்கள் அம்மா பின்னின சிவப்பு வெள்ளை வயர்கூடைக்கு என் வயசில் பாதிக்கு மேல் ஆகிறது, கைப்பிடி மட்டும் ஒரு தடவை மாற்றியது. அது எத்தனை ஆயிரம் தடவை சந்தைக்குப் போயிருக்கும் என்று கணக்குப் பார்த்தால் டென்மார்க்காரர்களே எழுந்து நிற்பார்கள்.

பனையோலைப் பெட்டிதான் என் கணக்கில் எல்லாவற்றுக்கும் மேலே. ஓலை தானாக விளைகிறது, தண்ணீர் பாய்ச்சத் தேவையில்லை, கிழிந்தால் அடுப்பிலும் போடலாம், உரக்குழியிலும் போடலாம். கருவாடு, புளி, முட்டை, மட்டிப்பழம் எல்லாவற்றுக்கும் நல்லது, முக்கியமாகப் பழம் அதில் நசுங்காது. ஒரே எதிரி பூசணம். மழைக்காலத்தில் சமையலறையில் காற்றோட்டமாக மேலே தொங்கவிடுங்கள், ஈரத்தோடு கவிழ்த்து மட்டும் வைக்காதீர்கள்; வெயில் வந்ததும் ஒரு நாள் காயப்போட்டால் போதும். மடித்துப் பாக்கெட்டில் வைக்க முடியாது, அது ஒரு குறைதான்.

மீன்தான் பெரிய பிரச்சினை

காய்கறிக்கு எதைக் கொண்டுபோனாலும் சமாளிக்கலாம். நம் மாவட்டத்தில் கவர் ஒழியாமல் இருப்பதற்கு முழுக் காரணம் மீன் என்பது என் அபிப்பிராயம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் என்று சுற்றிலும் கடல், வாரத்தில் நாலு நாள் மீன் இல்லாமல் நம் ஆட்களுக்குச் சோறு இறங்காது. துணிப்பையில் மீன் வாங்கினால் தண்ணீர் சொட்டும், நாற்றம் போகாது. அதனால் பை கொண்டுவருகிறவர்களும் மீனை மட்டும் ஒரு கவரில் கட்டி, அந்தக் கவரைத் துணிப்பைக்குள் வைத்து வீட்டுக்குப் போவார்கள். அந்தக் கவரைக் கழுவி யாரும் எடுத்து வைப்பதில்லை, நேரே குப்பைதான்.

இதற்கு ஒரே வழி பாத்திரம். நான் மூன்று லிட்டர் எவர்சில்வர் தூக்குவாளி ஒன்றில் ஆரம்பித்தேன், வண்டியில் போனால் மூடி ஆடி ஆடித் தண்ணீர் சிந்தியது. இப்போது ஓரத்தில் ரப்பர் வளையமும் பக்கத்தில் கிளிப்பும் இருக்கிற ஒரு டப்பா வைத்திருக்கிறேன், வீட்டில் ஏற்கெனவே கிடந்த பழைய டப்பாதான். சாளை, நெத்திலி எல்லாம் ஒரு கிலோ தாராளமாகப் பிடிக்கும். சூரை மாதிரிப் பெரிய மீன் என்றால் அங்கேயே துண்டு போடச் சொல்லிவிட வேண்டியதுதான்.

முதல் நாள் டப்பாவை நீட்டியபோது மீன்கார அம்மா சிரித்தார். "சட்டியோட சேத்து எடை போட்டா உனக்குத்தான் நட்டம் மக்கா" என்றார். நியாயமான பேச்சு. எலெக்ட்ரானிக் தராசு என்றால் காலி டப்பாவை முதலில் வைத்து எண்ணைப் பூஜ்ஜியமாக்கச் சொல்லுங்கள், ஒரு பொத்தான்தான், அப்புறம் அதிலேயே மீனைப் போடலாம். கூறு கட்டி விற்கிற இடத்தில் எடைப் பேச்சே இல்லை. பழைய தட்டுத் தராசு என்றால் தட்டில் நிறுத்துவிட்டு டப்பாவுக்கு மாற்றச் சொன்னால் முடிந்தது. இரண்டு வாரம் வித்தியாசமாகப் பார்ப்பார்கள், மூன்றாவது வாரம் பை கேட்காமலே கையை நீட்டி டப்பாவை வாங்குவார்கள்.

இறைச்சிக்கும் இதே டப்பாதான். தேக்கிலையில் பொதிந்து தருகிற கடை பக்கத்தில் இருந்தால் அங்கேயே வாங்குங்கள். பழைய ஆட்கள் எல்லாரும் தேக்கிலைப் பொதியில்தான் வாங்கினார்கள், இலையின் சிவப்புச் சாயம் கையில் ஒட்டும், அதைத் தவிர ஒரு கெடுதலும் இல்லை. தோவாளையில் பூ வாங்குகிறவர்கள் வாழையிலை, தாமரை இலைப் பொதியாகக் கேளுங்கள். கவருக்குள் அடைத்த பிச்சிப்பூ வெயிலில் வியர்த்து, வீடு வருவதற்குள் பழுத்துவிடும்.

மறக்காமல் இருப்பது எப்படி

இதை நான் கடைசியாகத்தான் புரிந்துகொண்டேன். பை இல்லை என்பது ஒரு நாளும் பிரச்சினையாக இருந்ததில்லை. பை வீட்டிலும் நான் சந்தையிலும் இருந்ததுதான் பிரச்சினை. சந்தைக்கு என்று கிளம்பிப் போகிற நாளில் யாரும் பையை மறப்பதில்லை, வேலை முடிந்து வருகிற வழியில் திடீரென்று இறங்குகிற நாளில்தான் மாட்டிக்கொள்கிறோம்.

கேரி பேக் என்று நாம் சொல்கிற கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பையை வடிவமைத்தவர் ஸ்டென் குஸ்டாவ் துலின் என்ற ஸ்வீடன்காரர், 1965-இல் அவர் கம்பெனிக்குக் காப்புரிமை கிடைத்தது. காகிதப் பைக்காக மரம் வெட்டுகிறார்களே என்று, பலமுறை பயன்படுத்துகிற மாதிரிதான் அவர் அதைச் செய்தார். வெளியே போகும்போதெல்லாம் ஒன்றை மடித்துச் சட்டைப் பாக்கெட்டில் வைத்திருப்பாராம், அவர் மகன் சொல்லியிருக்கிறார். அவர் கண்டுபிடித்த பையைப் பிடித்துக்கொண்ட உலகம் அவர் பாக்கெட்டில் வைத்த பழக்கத்தை விட்டுவிட்டது.

நான் செய்தது இதுதான். மெல்லிய மஞ்சப்பை இரண்டை உள்ளங்கை அளவுக்கு மடித்து, ரப்பர்பேண்ட் போட்டு, வண்டி சீட்டுக்கு அடியில் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்தேன். மீன் டப்பா ஒரு கட்டைப்பையில் வண்டி முன்கொக்கியில் எப்போதும் தொங்கும். மனைவி ஆபீஸ் பையின் வெளி ஜிப்பில் ஒன்று. பஸ்ஸில் போகிறவர்கள் குடை வைக்கிற இடத்தில் ஒன்று வைக்கலாம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, சாமானை எடுத்து வைத்த உடனே காலிப் பையை வாசல் பக்கம் செருப்பு ஸ்டாண்டின்மேல் போட்டுவிட வேண்டும். அலமாரிக்குள் அடுக்கினால் அது கட்டிலுக்கு அடியில் போய்ச் சேருகிற பாதையில் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

மிச்சம் இருந்த பைகளில் இருபதை நாங்கள் வழக்கமாகக் காய் வாங்குகிற அக்காவிடம் கொடுத்துவிட்டேன், வெறுங்கையோடு வருகிறவர்களுக்குக் கொடுங்கள் என்று. கல்யாணம் வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தாம்பூலப் பை கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கைப்பிடியை ஒரு ஜாண் நீளம் கூட்டி வையுங்கள், பெயரைச் சின்னதாகப் போடுங்கள். இன்னாருடைய திருமண வரவேற்பு என்று கொட்டை எழுத்தில் இருக்கிற பையைத் தோளில் போட்டுக்கொண்டு போக ஆட்களுக்குக் கூச்சமாக இருக்கிறது, அதனால்தான் அது மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.

பழைய சாரத்தில் பை தைப்பது

பை தேவைப்படுகிறவர்கள் பழைய துணியில் தைத்துக்கொள்ளலாம். அந்தத் துணிக்கான தண்ணீர் என்றைக்கோ செலவாகிவிட்டது. சாரம், அதாவது லுங்கிதான் இதற்குச் சரியான துணி, நெசவு நெருக்கம், துவைத்துத் துவைத்துப் பதமாகியிருக்கும். உட்கார்ந்து தேய்ந்த இடத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், வலை மாதிரி தெரிகிற பகுதியை விட்டுவிடுங்கள். ஒரு முழுச் சாரத்தில் நாலு பை வெட்டலாம், பழையதில் இரண்டோ மூன்றோ தேறும்.

17 அங்குல அகலம், 38 அங்குல நீளத்தில் ஒரு துண்டு. இரண்டாக மடித்து இரு பக்கமும் தையுங்கள், இரட்டைத் தையலாக. வாயை ஒன்றரை அங்குலம் மடித்துத் தையுங்கள். அடியில் இரண்டு மூலையையும் முக்கோணமாக இழுத்துப் பிடித்து, குறுக்கே 3 அங்குல அகலத்தில் ஒரு தையல் போட்டால் அடிப்பக்கம் பெட்டி மாதிரி விரியும், தேங்காய் உருளாமல் நிற்கும். கைப்பிடிக்கு 3 அங்குல அகலம், 26 அங்குல நீளத்தில் இரண்டு பட்டை, நாலாக மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். பை எப்போதும் கிழிவது கைப்பிடி சேருகிற இடத்தில்தான், துணிக்கு நடுவே ஒரு நாளும் கிழியாது. அதனால் கைப்பிடி முனையை இரண்டு அங்குலம் உள்ளே இறக்கி, சதுரமாக ஒரு தையல், அதற்குள் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே ஒரு தையல். கல்யாணப் பைகளுக்கும் இதே இடத்தில் ஒரு தையல் போட்டுவிட்டால் ஆயுசு இரண்டு மடங்காகும்.

கழுவுவதில் ஒன்றுதான். அழுக்கானால் மட்டும் மற்றத் துணியோடு போடுங்கள், பைக்கென்று தனியாக மெஷின் ஓட்டினால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போய்விடும். மீன் டப்பாவின் ரப்பர் வளையத்தை மட்டும் கழற்றிக் கழுவுங்கள், நாற்றம் அங்கேதான் ஒளிந்திருக்கும். அரிசி கழுவின தண்ணீரில் அரைமணி நேரம் ஊறப்போட்டு வெயிலில் காயவைத்தால் போகும்.

கடைசியில் எங்கே போடுவது

வீட்டில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிற கவரைக் கழுவிக் காயவைத்து மறுபடி மறுபடி பயன்படுத்துங்கள், கிழிந்தபின் மக்காத குப்பையில் தனியாகக் கொடுங்கள். சமையலறைக் குப்பையைக் கவரில் முடிச்சுப் போட்டு எறியக்கூடாது, உள்ளே இருக்கிறதும் மக்காது, மாடும் விடாது. முற்றத்தில் சருகோடு சேர்த்துக் கொளுத்துகிற பழக்கம் நம் பக்கம் நிறைய உண்டு, தயவுசெய்து வேண்டாம். கரும்புகையை முதலில் சுவாசிப்பது நம் வீட்டுப் பிள்ளைகள்தான். பால் கவரைச் சேர்த்து வைத்தால் ஆக்கர் கடையில் எடுத்துக்கொள்வார்கள்.

பருத்திப் பை நைந்தபின் முதலில் கைப்பிடித் துணி, அப்புறம் தரை துடைக்கிற துணி, அதற்கப்புறம் தென்னைமூட்டில் புதைக்கலாம். அதில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன். எட்டு மாசம் கழித்து வேறு வேலைக்குத் தோண்டியபோது துணி முழுக்க மண்ணாகியிருந்தது, தையல் நூல் மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு பக்கத் தையலும் கைப்பிடிச் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும், வேருக்கு நடுவே பை வடிவத்தில். தையல்கடை நூல் பாலியஸ்டர். இப்போதெல்லாம் புதைப்பதற்கு முன்பு பிளேடு வைத்துத் தையலைப் பிரித்து எடுத்துவிடுகிறேன், ஒரு பைக்கு பத்து நிமிஷம் ஆகிறது.